எழுத்து இருக்கிறது, படிப்பவர் எங்கே?



கடிதம் எழுத அமரும்போது தாளின் உச்சியில் 786 என்று எழுதிவிட்டுத் தொடங்கும் வழக்கம் நம் வீடுகளில் பலருக்கும் உண்டு. கடையின் பெயர்ப் பலகையிலும், திருமண அழைப்பிதழிலும், லாரியின் நெற்றியிலும் அவ்வெண்ணைக் காண்கிறோம். 786 என்று முடியும் ரூபாய் நோட்டுக் கிடைத்தால் செலவழிக்காமல் பத்திரப்படுத்துவோரும் உளர். அவ்வெண் எங்கிருந்து வந்தது என்று உங்கள் பிள்ளைகளுள் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும்.

விடை எளிதானதுதான். அரபி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு அளிக்கும் அப்ஜத் என்னும் பழைய முறை ஒன்று உண்டு. அலிஃபுக்கு 1, பேவுக்கு 2, மீமுக்கு 40, சீனுக்கு 60 என அது செல்லும். அம்முறைப்படி பிஸ்மில்லாஹ்வில் முதற்சொல்லின் கூட்டுத்தொகை 102. அல்லாஹ் என்னும் திருநாமத்திற்கு 66. அர்ரஹ்மான் 329. அர்ரஹீம் 289. நான்கையும் கூட்டினால் 786 வரும். இவ்வெண் அத்திருவசனத்திற்கு ஈடாகுமா என்பது ஆலிம்கள் பேச வேண்டிய பொருள். ஈடாகாது என்று சொல்வோர் பலர். அவ்விவாதத்தில் நான் புகவில்லை. நான் உங்கள் முன் வைக்க விரும்புவது வேறொரு கேள்வி. அப்ஜத் அறிந்தவருக்கு அவ்வெண் ஒரு வணக்கம். அறியாதவருக்கு அது 785க்கு அடுத்து வரும் எண். மை ஒன்றுதான்; கோடுகளும் ஒன்றுதான். அப்படியானால் பொருள் எங்கே இருக்கிறது? எண்ணிலா, அதைப் படிப்பவரிடத்திலா?

இடுகுறியும் காரணமும்

இக்கேள்வி தமிழுக்குப் புதிதன்று. சொற்கள் யாவும் பொருளைக் குறிப்பன என்று தொல்காப்பியம் கூறுகிறது. ஆனால் ஒரு சொல் அப்பொருளை ஏன் குறிக்கிறது என்பதற்கான காரணம் பார்த்தவுடன் புலப்படாது என்றும் அதுவே சொல்கிறது. நாம் பள்ளியில் படித்த இலக்கணத்தை நினைவுகூருங்கள். பெயர்கள் இரு வகை: காரணப்பெயர், இடுகுறிப்பெயர். பறப்பதால் பறவை; இது காரணப்பெயர். மலைக்கு மலை என்று பெயர் வந்ததற்குக் காரணம் கேட்டால் சொல்ல இயலாது. முன்னோர் இட்ட குறி, நாம் ஏற்றுக்கொண்டோம். அதனால் இடுகுறி. சுவிட்சர்லாந்து அறிஞர் சொசூர் ஆற்றிய விரிவுரைகள் அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து 1916ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான பிணைப்பு இல்லை, சமுதாயத்தின் உடன்பாடே இரண்டையும் பிணைக்கிறது என்று அதில் அவர் விளக்கியதை மேலை உலகம் பெரிதாகப் போற்றியது. நம் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்யும் இடுகுறி என்னும் சொல்லுக்குள் அக்கருத்தின் வித்து இருக்கிறது.

இஸ்லாமிய அறிஞர்களும் இதனை ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் எல்லாப் பெயர்களையும் கற்பித்தான் என்று அல்பகறா அத்தியாயம் கூறுகிறது. அதனை அடிப்படையாகக் கொண்டு, மொழி இறைவன் கற்பித்தது என்ற கருத்து இமாம் அபுல் ஹசன் அல்அஷ்அரீ அவர்களுடையது என்பர். மனிதர்கள் தமக்குள் உடன்பட்டு அமைத்துக்கொண்டதே மொழி என்பது முஃதஸிலா அறிஞர் அபூஹாஷிமின் கருத்து. இவ்விரண்டில் எதை நீங்கள் ஏற்றாலும் ஓர் உண்மை பொதுவாக நிற்கிறது. கற்பிப்பவர் ஒருவரும் கற்பவர் ஒருவரும் இல்லாமல் எந்தக் குறியும் பொருள் தருவதில்லை.

ஹஜருல் அஸ்வத் கல்லின் முன் நின்று உமர் (ரலி) அவர்கள் கூறியதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். நீ நன்மையும் தீமையும் செய்ய இயலாத கல் என்பதை நான் அறிவேன், பெருமானார் (ஸல்) அவர்கள் முத்தமிடக் கண்டதனாலேயே நானும் முத்தமிடுகிறேன் என்ற பொருளில் அவர்கள் பேசினார்கள். மதிப்பு கல்லின் உள்ளிருந்து வந்ததன்று. ஒருவர் செய்து காட்ட, மற்றவர் கண்டு தொடர்ந்ததனால் வந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

பாறையும் கல்லும்

இந்த உண்மையைக் கண்ணால் காண வேண்டுமானால் விழுப்புரம் பகுதிக்கு வாருங்கள். எங்கள் பகுதியில் சில மணி நேரப் பயணத்திற்குள் குறிகளின் இருவேறு நிலைகளைக் கண்டுவிடலாம்.

விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் செல்லும் சாலையில் கீழ்வாலை என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பாறைகளில் செங்காவி நிறத்தில் மனித உருவங்களும் சில குறிகளும் தீட்டப்பட்டுள்ளன. அக்குறிகளைச் சிந்துவெளி எழுத்துகளோடு ஒப்பிட்டோர் உண்டு. அவ்வொப்பீட்டை ஏற்காதோரும் உண்டு. காவி இன்னும் அழியவில்லை. கோடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. தீட்டிய கைக்கு அவை ஏதோ ஒரு செய்தியாக இருந்திருக்க வேண்டும். அச்செய்தியை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிவைத்த சங்கிலி எங்கோ அறுந்துவிட்டது. சிந்துவெளி எழுத்தின் நிலையும் இதுவே. அதன் புதிரை விடுவிப்போருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு வழங்கப்படும் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. ஒரு காலத்தில் சந்தைக்குப் போனவர்கள் முத்திரையில் பார்த்துப் புரிந்துகொண்டதைத் தெரிந்துகொள்ள இன்று இத்தனை பெரும் பரிசு!

இரண்டாவது இடம், விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பனமலை. பெரிய ஏரியின் அருகே அமைந்த சிறு குன்று அது. அதன் மேல் கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் நரசிம்மவர்மன் எனப்படும் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கருங்கல் கோவில் நிற்கிறது. அவ்வூர்ப் பெயரிலேயே நம் பாடம் இருக்கிறது. பனை என்பதும் மலை என்பதும் இடுகுறிகள். இரண்டும் சேர்ந்து பனமலை ஆனபோது அது காரணப்பெயர் ஆயிற்று. கோவிலின் பெயர் தாலகிரீசுவரர் கோவில். வடமொழியில் தாலம் என்றால் பனை, கிரி என்றால் மலை. ஒலி முற்றிலும் மாறியும் பொருள் மாறவில்லை. இரு மொழியும் அறிந்த ஒருவர் நடுவில் நின்றதனால் இது நடந்தது.

வரலாறு காண்பதற்காகப் பிள்ளைகளுடன் நான் அக்குன்றில் ஏறியிருக்கிறேன். அங்கே பல்லவர் காலத்து ஓவியம் ஒன்று எஞ்சியிருக்கிறது. மகுடம் அணிந்த பெண்ணொருத்தி, ஒரு காலை மடித்து, தலைமேல் குடை நிழலில் சாய்ந்து நிற்கிறாள். என் மகள் பார்த்தவுடன், "ஒரு ராணி எதையோ பார்க்கிறாள்" என்றாள். ஓவியத்தின் இயல்பு அது. சாயலால் பேசும் குறிகளுக்குப் பாதிப் பொருள் எவர்க்கும் விளங்கும். மீதிப் பாதிக்கு அறிந்தவர் சொல்ல வேண்டும். அவள் பார்வதி என்றும், சிவனின் நடனத்தைக் காண்கிறாள் என்றும் கலை வரலாற்று அறிஞர்கள் விளக்குகின்றனர். அந்த நடன உருவம் பெரும்பாலும் அழிந்துபோயிற்று. பார்க்கும் கண்கள் இருக்கின்றன, பார்க்கப்பட்டது இல்லை. சொல்பவர் இல்லையெனில் அவள் வெற்றுச் சுவரை நோக்கும் ஒரு பெண்ணாகவே நிற்பாள்.

அக்கோவிலின் கல்வெட்டு பல்லவ கிரந்த எழுத்தில், வடமொழியில் உள்ளது. என் மகள் அவ்வெழுத்துகளின் வளைவுகளைக் காட்டி, "இது என்ன சொல்கிறது?" என்று கேட்டாள். அங்கிருந்த எவராலும் சொல்ல முடியவில்லை. ஆயினும் கீழ்வாலைக்கு நேர்ந்தது பனமலைக்கு நேரவில்லை. காரணம், வேறு இடங்களில் அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தோர் தொடர்ந்து இருந்தனர். பனமலையில் உள்ள ஒரு செய்யுள், காஞ்சிபுரம் கைலாசநாதர் கோவிலில் உள்ள இராசசிம்மன் கல்வெட்டின் இறுதிச் செய்யுளே என்பதை அறிஞர் ஹூல்ஷ் கண்டறிந்து, 1890ஆம் ஆண்டு வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் எழுதினார். கட்டியவன் இன்னான் என்பது அதனால் தெளிவாயிற்று. ஒரு கல் பேச மற்றொரு கல் துணை நின்றது. இரண்டையும் பேச வைத்தவன் படிக்கத் தெரிந்த மனிதன்.

வாசக நேயர்களே! இவையெல்லாம் பழங்கதை, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். இதே போன்ற குறி ஒன்று உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கக்கூடும். அதன் பெயர் அரபுத்தமிழ்.

நம் வீட்டு எழுத்து

அர்வி என்றும் வழங்கும் அரபுத்தமிழ், தமிழ் மொழியை அரபி எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதும் முறையாகும். ப, ட, ண, ள, ழ, ற, ங, ஞ போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லை. நம் முன்னோர் இருக்கும் எழுத்துகளின்மேல் புள்ளிகளையும் சிறு குறிகளையும் சேர்த்துப் புதிய எழுத்துகளைப் படைத்தார்கள். எகரத்திற்கும் ஒகரத்திற்கும் உயிர்க்குறிகளை அமைத்தார்கள். ஒரு மொழியை வேறோர் எழுத்துடையில் காண்பது இந்நாட்டில் புதுமையன்று. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்துக் குடைவரையில் ஒரே வடமொழிக் கல்வெட்டை ஒரு சுவரில் கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் பல்லவர் பொறித்துள்ளனர்.

அரபுத்தமிழில் மார்க்கச் சட்டமும், மருத்துவமும், பாடல்களும், கடிதங்களும் எழுதப்பட்டன. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அம்முறையில் எழுதிய நூல்களைத் தமிழகத்திலும் இலங்கையிலும் மக்கள் ஓதிப் பயன்பெற்றனர். தைக்கா ஷுஐப் ஆலிம் அவர்கள் 1993இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட விரிவான ஆய்வு நூல் இம்மரபின் பரப்பை உலகுக்குக் காட்டியது. குர்ஆன் ஓதக் கற்ற பெண்மக்களுக்கு அரபி எழுத்து முன்பே பழகியது. சில புது எழுத்துகளை மட்டும் கற்றால் தாய்மொழியில் எழுதவும் படிக்கவும் இயலும். பள்ளிக்கூட வாசலை மிதித்திராத எத்தனையோ பெண்களுக்கு எழுத்தறிவு வந்தது இவ்வழியால்தான்.

என் நன்னி அப்படிப்பட்டவர். தெருவில் ஓதிக்கொடுத்த மூதாட்டி ஒருவரிடம் அரபுத்தமிழ் கற்றவர். நாள்தோறும் லுஹர் தொழுகைக்குப் பின் ஒரு நீண்ட நோட்டில் ஏதேனும் எழுதுவார். ஒருமுறை நிலம் தொடர்பான பத்திரம் ஒன்றிற்காக ஓர் அலுவலகத்திற்கு அவரை அழைத்துச் சென்றனர். கையெழுத்திடச் சொன்னபோது தம் பெயரை அரபுத்தமிழில் தெளிவாக எழுதினார். அங்கிருந்தவர் அதைப் பார்த்து, "என்னம்மா இது கிறுக்கல்? கைநாட்டு வையுங்கள்" என்றார். நன்னி ஒன்றும் பேசாமல் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். அன்று முதல் ஏடுகளில் அவர் எழுத்தறியாதவர்.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். விரல் ரேகையும் ஒரு குறிதான். அதைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறைக்காக 1897இல் கல்கத்தாவில் தனிப் பிரிவே தொடங்கப்பட்டது. ஆனால் ரேகை, மணலில் பதிந்த காலடியைப் போன்றது. இன்னார் இங்கு வந்தார் என்று சொல்லும். அவர் என்ன நினைத்தார் என்று சொல்லாது. எழுத்து அவர் நெஞ்சைச் சொல்லும். நன்னியின் நெஞ்சைச் சொல்லும் குறியைத் தள்ளிவிட்டு, உடலை மட்டும் சொல்லும் குறியை வாங்கிக்கொண்டார்கள். அவர் எழுதியதில் குறையில்லை. மேசைக்கு அப்பால் அதைப் படிப்பவர் இல்லை, அவ்வளவுதான்.

நன்னி மறைந்து பல்லாண்டுகள் கழித்து அந்த நோட்டு என் கைக்கு வந்தது. தாள்கள் பழுத்திருந்தன, மை பழுப்பேறியிருந்தது. குர்ஆன் ஓதும் எனக்கு எழுத்துகள் தெரிந்தன, சொற்கள் விளங்கவில்லை. திண்டிவனத்தில் வாழ்ந்த வயது முதிர்ந்த ஆலிம் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, எவ்விதத் தடையுமின்றி உரக்கப் படிக்கலானார். மூன்று மாலைப்பொழுதுகள் அவர் படிக்கப் படிக்க நான் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

குழந்தைகளின் இருமலுக்கு ஆடாதோடையும் சித்தரத்தையும் சேர்த்துக் காய்ச்சும் பக்குவம் அதில் இருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த நாலு படி அரிசியும், அது திரும்பி வந்த கிழமையும் இருந்தன. பிள்ளைகள் பிறந்த நாட்கள் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கில் வரிசையாக இருந்தன. அவ்வரிசையில் மூன்றாவதாக ஒரு மகனின் பெயர். அவன் நாற்பது நாட்களே வாழ்ந்தான் என்று அருகில் ஒரு வரி. அப்பெயரை எங்கள் வீட்டில் எவரும் கேள்விப்பட்டதில்லை. என் அம்மாவுக்கே அப்படி ஓர் அண்ணன் இருந்தது தெரியாது. ஆலிம் அவர்கள் நோட்டை மூடி வைத்து அக்குழந்தைக்காகக் கை உயர்த்தி துஆச் செய்தார்கள். இப்போது எங்கள் வீட்டில் மறைந்தோருக்காக துஆச் செய்யும்போது அவன் பெயரும் சொல்லப்படுகிறது.

ஒன்றை மட்டும் அவராலும் படிக்க இயலவில்லை. சில பெயர்களின் அருகே நன்னி ஒரு சிறு வட்டமும் அதனுள் ஒரு புள்ளியும் இட்டிருந்தார். அது எந்த எழுத்துமன்று. அவர் தமக்கென வைத்துக்கொண்ட அடையாளம். கடன் தீர்ந்ததா, காலமானவரா, நேர்ச்சையா? அதன் பொருள் நன்னியோடு மண்ணுக்குள் போயிற்று. எங்கள் குடும்ப நோட்டிலேயே ஒரு கீழ்வாலை இருக்கிறது!

அறுந்த சங்கிலிகள்

எழுத்து மறைய நூற்றாண்டுகள் வேண்டும் என்று எண்ண வேண்டா. துருக்கியில் 1928 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம் அரபி எழுத்தை நீக்கி இலத்தீன் எழுத்தைக் கொண்டுவந்தது. மொழி மாறவில்லை. அதனால் எழுத்தறிவு பரவியது என்று போற்றுவோரும் உண்டு. எனினும் தனியே கற்றாலன்றிப் பேரனால் பாட்டனாரின் கடிதத்தையும் கப்றின் மீதுள்ள கல்லையும் படிக்க முடியாமற் போயிற்று. அங்கே சட்டம் செய்ததை இங்கே எச்சட்டமும் இல்லாமல் காலமே செய்துவிட்டது. பள்ளிப் படிப்பும், அச்சு நூல்களும், அரசுப் பணியும் தமிழெழுத்தில் வந்தபோது பிள்ளைகள் அதன்வழிச் சென்றனர். அது தவறன்று; நாமும் இவ்விதழைத் தமிழெழுத்தில்தானே படிக்கிறோம்! புதியதைக் கற்றது நன்மையே. பழையதைப் படிக்க வீட்டுக்கு ஒருவரையேனும் விட்டுவைக்காததே இழப்பு.

திருக்குர்ஆன் வசனத்தை நாம் ஆயத் என்கிறோம். அச்சொல்லுக்கு அடையாளம், அத்தாட்சி என்பதே முதற்பொருள். வானமும் பூமியும், இரவும் பகலும் மாறி வருவதும் சிந்திப்போருக்கு ஆயத்துகள் என்று இறைமறை பன்முறை எடுத்துரைக்கிறது. சிந்திப்போருக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். அடையாளம் எல்லார் கண்முன்னும் இருக்கிறது. அதைப் படிக்க முற்படுபவருக்கே அது அடையாளமாகிறது.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ அரபி எழுத்தில் உள்ள பழைய தாள்களைக் கண்டால், எல்லாம் ஓதும் கிதாபுதானே என்று எண்ணி, கிழிந்துவிட்டதென்று ஆற்றிலோ கிணற்றிலோ சேர்த்துவிடாதீர்கள். முதலில் விவரமறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், அதன் பசை நாளடைவில் தாளைக் கெடுக்கும். கைப்பேசியால் ஒவ்வொரு பக்கத்தையும் ஒளிப்படம் எடுத்து இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரிந்த முதியவர் குடும்பத்தில் இருந்தால் அவரைப் படிக்கச் சொல்லிக் குரலைப் பதிவு செய்யுங்கள். அவர் படிக்கும்போது எதிரே தமிழெழுத்தில் எழுதி வையுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைகளுள் ஒன்றை அவரருகே அமரச் செய்து அந்தச் சில புது எழுத்துகளைக் கற்பியுங்கள். எழுத்து தெரிந்த பிள்ளைக்கு அது சில நாட்களின் வேலை.

திண்டிவனத்து ஆலிம் அவர்கள் இப்போது நம்மிடையே இல்லை. அல்லாஹ் அவர்களுக்கு அருள்புரிவானாக. அவர்கள் எனக்குப் படித்துக் காட்டிய அந்த மூன்று மாலைகள் சில ஆண்டுகள் பிந்தியிருந்தால் ஒரு குழந்தையின் பெயர் உலகில் இல்லாமற் போயிருக்கும். உங்கள் பெட்டியில் எவர் பெயர் காத்திருக்கிறதோ, யாரறிவார்? படித்துச் சொல்லும் முதியவர் உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால், இந்த வாரமே அவரைச் சென்று பாருங்கள்.